பதினான்காவது பிரதியின் ஓரம்

யோசுவா பத்ரோஸ், பிறப்பு 1959. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைச் சந்திப்பில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருப்பவர். இன்றும் காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்கிறார்.

பிறந்தது பொழியூரில், கடலை நம்பிய குடும்பத்தில். தந்தையுடன் மூன்று முறை வள்ளத்தில் போனார். மூன்று முறையும் வாந்தியெடுத்துத் திரும்பினார். நான்காம் முறை தந்தை அவரை அழைக்கவில்லை. பதினேழாம் வயதில் நெய்யாற்றின்கரையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, 1984ஆம் ஆண்டு பாறசாலையில் சொந்தக் கடை திறந்தார். அதே ஆண்டு பிரான்சிஸ்காவை மணந்தார். அவர்களுடைய திருமணப் படமே கடையின் முதல் சட்டம். இன்றும் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது.

தொழிலில் அவருக்குச் சில விதிகள் உண்டு. எந்த வேலை வந்தாலும் பெயர், ஊர், நீள அகலம், தேதி ஆகிய நான்கையும் நோட்டில் எழுதுவார். கண்ணாடியை எப்போதும் செங்குத்தாகத்தான் தூக்குவார். வெட்டி எடுத்த தாளைக் குப்பையில் போடமாட்டார். அதை மடித்து, கண்ணாடி ஆடாமலிருக்கச் சட்டத்தின் இடுக்கில் செருகுவார். படத்துக்கு வெள்ளை ஓரம் விடமாட்டார் என்பது எல்லாவற்றிலும் மூத்த விதி.

கடைசி விதியை அவருக்குக் கற்பித்தவர்கள் வாடிக்கையாளர்கள். இந்த வட்டாரத்தில் ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியிலுள்ள சாமி படத்தையும் புனிதர் படத்தையும் கிழித்துக்கொண்டு சட்டம் போட வருவார்கள். படத்தின் அடியில் நாட்காட்டியை இலவசமாகக் கொடுத்த உரக்கடையின் பெயரோ நகைக்கடையின் பெயரோ இருக்கும். "அந்தோணியாருக்க காலுக்கு கீழ யூரியா கடைக்க பேரு வேண்டாம் அண்ணே" என்பார்கள். அடி ஓரம் வெட்டப்பட்ட பிறகே படம் வணங்கத்தக்கதாகிறது. நாற்பது ஆண்டுகளில் பல்லாயிரம் ஓரங்களை அவர் அவ்வாறு வெட்டியிருக்கிறார். ஒருவரும் குறை சொன்னதில்லை.

2023ஆம் ஆண்டு நவம்பர் 4, சனிக்கிழமை, பக்கத்து ஊரான கொல்லயிலைச் சேர்ந்த சுனில்குமார் ஒரு நீண்ட அட்டைக் குழலுடன் கடைக்கு வந்தார். பழைய சைவக் குடும்பம். தாத்தா மன்னர் காலத்தில் அரண்மனைக்குக் கணக்கெழுதியவர். சுனில்குமார் திருவனந்தபுரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி.

"யோசுவாண்ணே, இத நல்லா சூச்சிச்சு, கவனமா செய்யணும். வெல கூடின சாதனமாக்கும்."

"எம்புட்டு சாறே?"

"இருபத்தெட்டாயிரம்."

குழலுக்குள் வேறேதேனும் பொருள் இருக்கிறதோ என்று யோசுவா ஒரு கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு தாள்தான் இருந்தது.

"தாளுக்கா?"

"கொச்சியில ஒருத்தன் மதில்ல வரைஞ்ச படம். அதுக்க பிரிண்டு."

"மதில்ல பாக்கத்துக்கு டிக்கெட் உண்டா?"

"மதிலுக்கு என்ன டிக்கெட்டு?"

"அப்பம் கொச்சிக்கு போய்வர வண்டிக்கூலி ஒரு ஐநூறு. பாக்கி இருபத்தேழாயிரத்து ஐநூறு எதுக்கு சாறே?"

சுனில்குமார் சிரித்துவிட்டார். "மதிலு போச்சு அண்ணே. எலெக்‌ஷன் வருதுன்னு ஏதோ கட்சிக்காரன் மேல வெள்ளையடிச்சு, 'புக்டு'ன்னு எழுதி வச்சாச்சு. இனி இதாக்கும் பாக்கி. அஞ்சு வருசம் களிஞ்சா வெல இரட்டிக்கும். பீரோல வச்சு பூட்டிருவேன். வெளிச்சம் பட்டா நெறம் போவும்."

"பூட்டி வைக்கத்துக்கு சட்டம் எதுக்கு?"

"தாளு சுருளப்பிடாதுல்லா?"

அவர் போன பிறகு யோசுவா தாளை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு மரத்துண்டுகளை வைத்தார். ஓடும் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் ஒரு பெண். இரு கைகளாலும் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை அணைத்துப் பிடித்திருக்கிறாள். பின்னால் சாம்பல் நிறத் தெரு. கண்ணாடிக்குள் மட்டும் கடல்.

யோசுவாவுக்கு முதலில் கோபம் வந்தது. மதியச் சோற்றுடன் வந்த பிரான்சிஸ்காவிடம், "இங்க பாரு, கண்ணாடிய இப்படியா பிடிக்கது? வெளும்புல துணி சுத்தாண்டாமா? ஒரு குழியில வண்டி எறங்கினா கை போயிரும்" என்றார்.

"நீங்க ஏன் வெப்ராளப்படுதிய? அவ படத்துல இருக்கா. விழமாட்டா."

விலை கூடிய பொருள் என்பதால் கத்திக்குப் புது அலகு போட்டார். தாளின் நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் இருந்தது; கீழே இரண்டு விரற்கடைக்கும் மேல். அங்கே பென்சிலால் ஏதோ எண், ஒரு கோட்டு நண்டு, ஒரு கிறுக்கல். அச்சகத்தார் போட்ட குறிப்பு என்று எடுத்துக்கொண்டார். உரக்கடையின் பெயருக்கு என்ன நேருமோ அதுவே இதற்கும் நேர்ந்தது. ஸ்கேலை வைத்து நான்கு ஓரங்களையும் நேராக, பிசிறில்லாமல் வெட்டினார். தேக்குச் சட்டம் படத்தோடு ஒட்டி உட்கார்ந்தது. தம் வேலையில் அவர் முழுத் திருப்தி அடைந்த நாட்களில் அந்தச் சனிக்கிழமையும் ஒன்று.

திங்கட்கிழமை சுனில்குமார் வந்தார். சட்டத்தைக் கையில் வாங்கினார். முகம் மலர்ந்தது. பிறகு கண்கள் படத்தின் அடிக்குப் போய் அங்கேயே நின்றன.

"அண்ணே, இதுல பதினாலுன்னு எழுதியிருந்துதே?"

"ஓரத்துலயா? வெட்டியாச்சு சாறே. இப்பம் பாருங்க, என்ன சந்தம்!"

சுனில்குமார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே விளக்கினார். இந்தப் படத்தில் ஐம்பது பிரதிகள் மட்டுமே அச்சிட்டார்கள். ஐம்பதில் இது பதினான்காவது. பென்சிலால் எழுதியது ஓவியரின் சொந்தக் கை. நண்டு அவருடைய அடையாளம். எண்ணும் கையெழுத்தும் இருந்தால் இருபத்தெட்டாயிரம். இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் சுவரொட்டி.

"நான் சூச்சிக்கணும்னு சொன்னனே அண்ணே."

"சூச்சிச்சு தான் வெட்டினேன் சாறே" என்றார் யோசுவா. சொன்ன பிறகு அந்தச் சொற்கள் அவருக்கே கேட்டன. கடையில் அவர் தலை குனிந்து நின்றது அன்றைக்குத்தான்.

ஓரம் எங்கே என்பதே அடுத்த கேள்வி. குப்பையில் இல்லை, யோசுவா குப்பையில் போடுவதில்லை. தடித்த நல்ல தாள் என்பதால் சனிக்கிழமையே ஏதோ ஒரு சட்டத்தின் இடுக்கில் செருகிவிட்டிருந்தார். நோட்டைப் புரட்டினார். அன்று மாலை முடித்தவை இரண்டு. ஒன்று இன்னும் கடையில் இருந்தது; பின்பலகையைக் கழற்றிப் பார்த்தார், இல்லை. மற்றொன்று: செல்லபாய், ஆரியங்கோடு, பதினான்குக்குப் பத்து அங்குலம்.

மறுநாள் காலை இருவரும் சுனில்குமாரின் காரில் ஆரியங்கோடு போனார்கள். செல்லபாய் என்ற அந்த அம்மாள் ரப்பர் பால் எடுத்து முடித்து, ஷீட்டுகளை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நல்ல ஷீட்டுக்காக உற்பத்தியாளர் சங்கம் அவருக்கு வழங்கிய பாராட்டுப் பத்திரம் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே மாட்டப்பட்டிருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றதும் இடுப்பில் கை வைத்தார்.

"எதுக்கு களத்தணும்? பைசா தந்துதானே வாங்கினேன்? இன்னலத்தான் மாட்டினேன், நாலு ஆளு கூட பாத்து முடிக்கேல்ல."

"உள்ள ஒரு தாளு மாறிப்போச்சு செல்லபாய். எடுத்துக்கிட்டு இப்பமே திரும்ப மாட்டித் தாறேன்."

"என்ன தாளு?"

யோசுவா பொய் சொல்லிப் பழகாதவர். "கண்ணாடி ஆடாம இருக்க அடை வச்ச தாளு. அதுக்கு இருபத்தெட்டாயிரம் ரூவா வெலயாம்."

செல்லபாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மருமகளை அழைத்தார். "எடி ஜிஜா, ஓடி வா! எனக்க சர்டிபிக்கெட்டு ஆடாம நிக்கியது இருபத்தெட்டாயிரத்துக்கு ஆக்கும்! அந்த அனியனுக்க பெண்டாட்டி, தங்க மாலை வாங்கினேன் மாலை வாங்கினேன்னு பவுசு காட்டுனாளே, அவள கூப்பிடு!"

அந்தத் தம்பி மனைவி வந்து பார்த்த பிறகே சட்டம் இறக்கப்பட்டது. யோசுவா ஆணிகளை ஒவ்வொன்றாக நீக்கினார். கீழ் இடுக்கில் அந்த ஓரம் மூன்றாக மடிக்கப்பட்டுக் கிடந்தது. 14/50. நண்டு. கையெழுத்து. நண்டின் குறுக்கே ஒரு மடிப்பு. காலியான இடத்தில் யோசுவா ஒரு பழைய திருமண அழைப்பிதழை மடித்துச் செருகினார். செல்லபாய் சட்டத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான் நிக்குது" என்றார்.

கடைக்குத் திரும்பிய யோசுவா அந்த ஓரத்தை ஈரப்படுத்தாமல், இரண்டு கண்ணாடிகளுக்கிடையே வைத்து மூன்று நாட்கள் அழுத்தினார். படத்தையும் ஓரத்தையும் ஒரே அட்டையில், வெட்டுக்கு வெட்டு பொருத்தி வைத்து, பெரிய சட்டமாகப் புதிதாகச் செய்தார். வெட்டு ஒரு முடியளவு கோடாகத் தெரிந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை. அந்த மூன்று நாட்களும் படம் அவருடைய மேசையின் எதிரே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் நாள்தான் அந்தப் பெண்ணின் இடது மணிக்கட்டைக் கவனித்தார். நரம்பு ஒன்று புடைத்து, பெருவிரல் சற்றே உள்வாங்கியிருந்தது. பெரிய கண்ணாடியைச் சுமந்த கை அப்படித்தான் இருக்கும். சுமக்காதவனுக்கு அது தெரியாது.

"வரைஞ்சவன் ஒரு தவணையாவது கண்ணாடி சுமந்திருக்கான்" என்று பிரான்சிஸ்காவிடம் சொன்னார்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தார். "சீட்டு எடுத்த பைசா கெடக்குல்லா? கொண்டு குடுங்க. ஒங்க கத்தி செய்ததுக்கு ஒங்க கை தான் தரணும்."

ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்திலிருந்து நேராக, சட்டத்தையும் ஒரு உறையையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கொல்லயிலுக்குப் போனார். படத்தை விற்றவர்களுக்குத் தாம் எழுதியதற்குக் கொச்சியிலிருந்து வந்த பதிலை சுனில்குமார் வாசித்துக் காட்டினார். ஓரம் வெட்டிய பிரதியைத் திரும்ப வாங்கவோ விற்றுத் தரவோ இயலாது, வெட்டு வெட்டுத்தான்.

யோசுவா உறையை மேசைமேல் வைத்தார். "இருபத்தெட்டாயிரம் முழுசும் உண்டு சாறே."

சுனில்குமாரின் கை பாதி வழி வந்தது. அப்போது சமையலறை வாசலில் அவர் மனைவி ஆனந்தலட்சுமி கரண்டியுடன் நின்றுகொண்டிருந்தார். இந்தப் படம் வாங்கிய நாள் முதல், குளியலறையில் ஓடு மாற்றப் பணமில்லாத வீட்டில் தாளுக்குப் பணமிருந்த அதிசயத்தை அவர் சொல்லிக்காட்டாத நாளில்லை.

"பைசாவ எடுத்தா படம் அண்ணனுக்காக்கும்" என்றார் அவர். "அண்ணன் கொண்டுபோய் கடையில மாட்டுவாரு. நீங்க பீரோவ பூட்டிக்கிட்டு வெறும் தட்ட பாத்துக்கிட்டு இருங்க. சம்மதமா?"

சுனில்குமார் படத்தைப் பார்த்தார். வாங்கிய நாளுக்குப் பிறகு விலையை மறந்து அவர் அதைப் பார்த்தது அப்போதுதான் என்று பின்னால் அவரே சொன்னார். ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் கடல் சற்றும் சிந்தவில்லை. நீட்டிய கை திரும்பிப்போய் முதுகுக்குப் பின்னால் மறைந்தது.

"வேண்டாம் அண்ணே. படம் இங்க இருக்கட்டும்."

"அப்பம் இருபத்தெட்டாயிரம் பெறும்னு நீங்களே சொல்லியாச்சு" என்றார் ஆனந்தலட்சுமி. "இனி விக்க முடியாத படத்துக்கு பீரோ எதுக்கு? முன்னறையில மாட்டுங்க. நெறம் போனா போவட்டும். நானும் பாக்காண்டாமா?"

யோசுவாவுக்குத் தலைமேலிருந்த பாரம் இறங்கியது. அதோடு, ஆட்டோவில் வரும்போது தம்மையறியாமல் செய்திருந்த ஒரு யோசனையும் கலைந்தது: கல்லாவுக்கு மேலே, திருமணப் படத்துக்குப் பக்கத்தில், ஆணியடிக்க இடமிருக்கிறதா என்று அவர் மனத்துக்குள் அளந்து பார்த்திருந்தார். இடம் இருந்தது. இரண்டாவது சட்டத்துக்குக் கூலி வாங்கவில்லை. கிழக்குச் சுவரில் தாமே ஆணியடித்து, கயிறு கட்டி, மட்டம் பார்த்து மாட்டினார். ஆனந்தலட்சுமி அவருக்கு அவியலுடன் சோறு போட்டார்.

திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் தீபு கேட்டார்: "என்ன சேட்டா, ஒரு தாளுக்கு அம்புட்டு வெலயா? ஆள ஏமாத்துதானுவளா?"

"நான் நீட்டின கவர நானே திரும்ப கொண்டு வாறேன்" என்றார் யோசுவா. "எனக்கு சந்தோசம்தான். ஆனா படம் கெடச்சிருந்தாலும் நஷ்டம் இல்லலே மக்கா."

இப்போது கடையில் எந்தப் படம் வந்தாலும், உரக்கடை நாட்காட்டியாக இருந்தாலும், "ஓரம் வெட்டட்டா?" என்று கேட்டு, பதிலை நோட்டில் ஐந்தாவது பத்தியில் எழுதிய பிறகே கத்தியை எடுக்கிறார். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். செல்லபாய் தம் பத்திரத்தைக் காட்டும்போதெல்லாம் அதன் இடுக்கின் வரலாற்றையும் சேர்த்தே சொல்கிறார். தொகை ஒவ்வொரு முறையும் சற்று ஏறுகிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை யோசுவா கொல்லயிலுக்குப் போகிறார். படத்தின் கயிறு தளர்ந்திருக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். நைலான் கயிறு தளராது என்பதை அந்த வீட்டில் எல்லோரும் அறிவார்கள், ஒருவரும் சொல்வதில்லை. ஆனந்தலட்சுமி நாற்காலியைச் சுவருக்கு எதிரே இழுத்துப் போட்டுவிட்டுக் காப்பி வைக்கப் போவார். யோசுவா கண்ணாடியைத் துடைப்பார்; கயிற்றை இழுத்துப் பார்ப்பார்; பிறகு கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கடைசியாக அவர் அந்தக் கயிற்றை இறுக்கியது கொல்லம் ஆண்டு 1201 பிறந்த ஆவணி முதல் நாள், 2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.