சாய்ந்து நின்ற தண்ணீர்

இலங்கையின் மலையூரான எல்லவில் எங்கள் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். மூடிப்போன ஹோட்டலொன்றிலிருந்து விருந்தினர் இறங்கிக் குளிக்கும் பழைய சுடுதண்ணீர்த் தொட்டியைக் கணவர் வாங்கி வந்தார். வெடிப்புகளை ஃபைபர் பூசி அடைத்து, பின்பக்கச் சரிவின் விளிம்பில் கொங்கிரீட் போட்டு உட்கார வைத்தோம்.

நிரப்பிய மறுநாள், தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது. மறுபக்கம் ஒரு சாண் இறங்கியிருந்தது.

"அடித்தளம் மட்டமில்ல, சரி பண்ணிடலாம்" என்றார் கணவர்.

சாயங்காலம் இன்னும் சாய்ந்திருந்தது. சரிவுக்குக் கீழே குடியிருக்கும் ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"காலையிலருந்து குசினிக் கதவைச் சாத்த முடியல தங்கச்சி."

அடித்தளமல்ல, சரிவே நகர்கிறது என்று புரிந்தது. கணவர் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கப் போனார். கையைப் பிடித்தேன்.

"வேணாங்க! அவ்வளவு தண்ணியும் அந்த மண்ணுக்குள்ளதான் போகும்."

அக்காவை வெளியே வரச் சொல்லிக் கத்தினேன். பிள்ளைகளைச் சர்ச்சில் விட்டுவிட்டு, அவர் வாளியோடு எங்களிடமே ஓடி வந்தார். மூவரும் தண்ணீரை மொண்டு மொண்டு ரோட்டோர வடிகானில் ஊற்றினோம். பாதி குறைவதற்குள் காலடி மண் அதிர்ந்தது. சரிவை விட்டு வீட்டுப் பக்கம் ஓடினோம். சரிவோடு போன தொட்டி அக்காவின் சமையல் குசினியை நொறுக்கியது.

அக்கா குடும்பம் இப்போது எங்களோடுதான் இருக்கிறது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும் அவருடைய சத்தம் கேட்கும்போதெல்லாம், அது கேட்காமல் போயிருக்கக்கூடிய காலையை நினைத்து நடுங்குகிறேன்.