முள் சொன்ன காரணம்

கண்ணாடி வில்லைகளுக்குப் பூச்சு போடும் அந்தப் பட்டறையில் அவளுக்கு ‘கையுறை அக்கா’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. பன்னிரண்டு வருடமாக வெற்றிட இயந்திரத்தோடு குப்பை கொட்டுகிறவள். அதன் அறைக்குள் யாராவது வெறுங்கையை நீட்டினால் போதும், கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். விரல் பிசுக்கு உள்ளே ஆவியாகிக்கொண்டே இருக்கும். பம்பு எவ்வளவு இழுத்தாலும் வெற்றிடம் சரியாக வராது.

அன்று காலை இரண்டு மணி நேரம் பம்பு ஓடியும் அழுத்தமானியின் முள் கீழே இறங்காமல் பாதி வழியில் அடம்பிடித்து நின்றது.

“எங்கயோ ஓட்டை இருக்குக்கா. ரப்பர் வளையத்தை எல்லாம் கழட்டிடலாமா?” என்றார் மெக்கானிக்.

“பதறாதீங்க. முள்ளையே கேப்போம்.”

பம்புக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டு, முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். வெளிக்காற்று கசிந்தால் அது ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டே போகும். இதுவோ கொஞ்சம் ஏறி, தயங்கி, நின்றேவிட்டது.

“ஓட்டை இல்ல. உள்ள ஏதோ ஆவி விடுது. எவனோ கை வச்சிருக்கான்!”

பல்லைக் கடித்துக்கொண்டு, காற்றை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘கையுறை இல்லாமல் தொடாதே’ என்று, நேற்று வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவளே எழுதி ஒட்டியது. பசை இன்னும் பிசுபிசுத்தது.

மெக்கானிக் கூரையைப் பார்த்தார்.

அவள் காகிதத்தை உரித்து, பசையைச் சுத்தமாகத் துடைத்து, பம்பை மறுபடி ஓடவிட்டாள். பிறகு பதிவேட்டை எடுத்து, கோளாறுக்குக் காரணம் என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினாள்: ‘கையுறை அக்கா.’