தைஸ்தோ முழுங்கிய வரி

ராஹே ஊர் பஸ் டிரைவர் தைஸ்தோ வாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் ஸ்டாப்புகளின் பெயர்தான். மனைவி ஹில்க்காவிடம் அதுகூடக் கிடையாது. ஆனால் பனிக்காலம் முழுக்க, அவள் எழுமுன்பே வாசலுக்குப் போய், குளிரில் உறைந்துபோகாமலிருக்க அவள் கார் எஞ்சினைச் சூடாக்கும் வயரைக் கரண்டில் சொருகிவிட்டு வருவார். அவளுக்கு ஆபரேஷன் ஆனபோது பகல் முழுக்கக் கட்டிலருகே உட்கார்ந்திருந்து, "காபி?" என்று கேட்டார். அதற்கு மேல் எதிர்பார்க்க எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோன்றாது. ஹில்க்காவுக்குத் தோன்றியதா என்று யாரும் கேட்டதில்லை.

குழந்தைகள் திரைப்பட விழாவில், படிக்கத் தெரியாத வாண்டுகளுக்காக, வெளிநாட்டுப் பட வசனங்களை ஒருவர் எங்கள் மொழியில் மைக்கில் வாசிப்பார். எல்லா வேடத்துக்கும் ஒரே குரல். அந்த வருடம் வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நூலகத்து ஐலா தைஸ்தோவைப் பிடித்தாள்.

"உங்க குரலக் கேட்டு யாரும் ஸ்டாப்ப கோட்டை விட்டதில்ல. வாங்க."

என்ன படம் என்றுகூடக் கேட்காமல் "சரி" என்றுவிட்டார் மனுஷன்.

குளியல் தொட்டியில் ஏறி உலகம் சுற்றும் ஷோஃபி என்ற சிறுமியின் கதை அது. வசனத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் தைஸ்தோவுக்கு வியர்த்துவிட்டது. அம்மா வானத்தைப் பார்த்து, 'ஒம்மேல உசிரையே வச்சிருக்கேன்' என்று சொன்னால்தான் தொட்டி வீடு திரும்புமாம்.

"இத நான் சொல்லணுமா?"

"அவதான் சொல்றா. நீங்க சும்மா வாசிங்க" என்றாள் ஐலா.

சும்மா வாசிக்கலாம்தான். மூன்றாவது வரிசையில் ஹில்க்கா அல்லவா உட்கார்ந்திருந்தாள்!

படம் அமர்க்களமாகப் போனது. கடற்கொள்ளைக்காரன், ஒட்டகம், ஷோஃபி எல்லாருமே பஸ் டிரைவர் குரலில் பேசினார்கள். தொட்டி பாலைவனத்தில் இறங்கியபோது பழக்கதோஷத்தில், "சகாரா. பின்வழியா இறங்குங்க" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஹில்க்காவும்தான்.

பிறகு அம்மா வந்தாள், வானத்தைப் பார்த்தாள், வாயசைத்தாள். தைஸ்தோ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தொட்டி திரும்பத் தொடங்கியது.

"மாமா! அம்மா என்னமோ சொன்னா!"

"வீட்டுக்கு வான்னு சொன்னா" என்று மழுப்பினார்.

"அத மொதல்லேருந்தே சொல்றாளே! அப்பல்லாம் திரும்பலயே!"

"ஏமாத்தாதீங்க மாமா!"

தரை அதிரக் காலைத் தட்டினார்கள். ஐலா ஈவிரக்கமில்லாமல் படத்தைப் பின்னால் ஓட்டினாள். அம்மா மறுபடி வானத்தைப் பார்த்தாள். திரையைப் பார்க்க வேண்டிய தைஸ்தோ மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

"ஒம்மேல உசிரையே வச்சிருக்கேன்."

ஸ்டாப் பெயர் சொல்வதுபோலத் தெளிவாகத்தான் சொன்னார், காது மட்டும் சிவந்துவிட்டது. தொட்டி வீடு வந்து சேர்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இருவரும் ஹில்க்காவின் காரில் வீடு திரும்பினார்கள். வாசலில் இறங்கியதும் தைஸ்தோ மறுநாள் காலைக்காக வயரை எடுக்கக் குனிந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் ஹில்க்கா. "இன்னிக்கு நான் சொருகுறேன்."