கப்டன் ஜோயலுக்கு ஒரு திருப்பலி

கொட்டாஞ்சேனையில், துறைமுகப் பக்கமாக இறங்கும் குறுக்குத் தெரு ஒன்றின் மூன்றாம் மாடியில் செலீன் வாழ்கிறார். வயது அறுபத்திரண்டு. தனியார் வைத்தியசாலை ஒன்றின் தொலைபேசி இணைப்புப் பலகைக்கு முன்னால் முப்பத்து நான்கு ஆண்டுகள் அமர்ந்திருந்தவர். மணம் முடிக்கவில்லை, அதைப் பற்றிய கவலையும் அவருக்கு இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அவரை வாட்டியது வேறொன்று. நாளொன்றுக்கு நானூறு பேரிடம் மூன்று மொழிகளில் பேசிய குரலுக்குத் திடீரென்று வேலை இல்லாமற் போயிற்று.

எஞ்சியிருந்தது புதன்கிழமை மட்டுமே. அன்று மாலை அந்தத் தெருவின் அன்பியம் கூடும். அன்பியம் என்பது பங்கு ஆலயத்தின் ஏற்பாட்டில் தெருவுக்குத் தெரு கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒன்றுகூடிச் செபமாலை சொல்லும் சிறு குழு. செலீன் அதன் பொறுப்பாளர். மற்றவர்களின் வீடுகளில் இடம் போதாமையால், அவருடைய முன் அறையிலேயே அது நடந்துவந்தது.

கடந்த மே மாதத்தில் அந்தக் குழு ஐந்து பேராகச் சுருங்கியது. பங்குத்தந்தை பஸ்தியன் அடிகளார் கணக்கில் கண்டிப்பானவர்.

"செலீன், செப்டெம்பர் முடியிறதுக்குள்ள பன்னிரண்டு பேராவது வரோணும். இல்லாட்டி உங்கட அன்பியத்தைப் பக்கத்துத் தெருவோட சேர்த்துவிடுவன்" என்றார்.

பக்கத்துத் தெருவுக்கும் இந்தத் தெருவுக்கும் இடையே லொறிகள் ஓயாமல் ஓடும் பிரதான வீதி இருக்கிறது. செலீனின் முழங்கால்கள் அதைக் கடக்கும் அளவுக்கு இன்னும் நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனால் அங்கே போனால் அவர் பத்தோடு பதினொன்றாக ஓர் ஓரத்தில் அமர்ந்து, பிறர் சொல்லும் செபத்துக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வாரத்தில் ஒரு நாளாவது தம் வீட்டுக் கதவை யாரேனும் தட்டுவார்கள் என்ற நிலையும் இல்லாமற் போய்விடும். அந்த நினைப்பில் அவர் இரண்டு இரவுகள் சரியாக உறங்கவில்லை.

இந்த இடத்தில்தான் நாவல் வந்து சேருகிறது. வெள்ளவத்தையில் வசிக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வரும்போது, வீதியோரப் பழைய புத்தகக் குவியலில் செலீன் அதை எடுத்திருந்தார். ஆங்கில நூல், ஐந்நூறு பக்கம், நாற்பது அத்தியாயம். பெயர் தமிழில் 'ஆறாவது காவலாள்' என வரும். சட்டைப்பையில் புதிய ஏற்பாட்டை வைத்திருக்கும் கப்டன் ஜோயல், ஆறு வீரர்களுடன் ஒரு பனிமலை மடாலயத்துக்கு ஏறுகிறான். அங்கே சிறைவைக்கப்பட்ட ஒரு மிஷனரி வைத்தியரை மீட்க வேண்டும். ஆறு வீரர்களில் ஒருவன் துரோகி. யாரென்று ஜோயலுக்குத் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. செலீன் அதை மூன்று முறை படித்து முடித்திருந்தார்.

ஜூன் மாதத்தின் முதற் புதன்கிழமை செபமாலை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து பேரும் வெளியேற முடியாமல் அமர்ந்திருந்தார்கள். பொழுதுபோக்காகச் செலீன் முதல் அத்தியாயத்தைத் தமிழில் சொல்லத் தொடங்கினார். ஜோயலுக்கு ஒரு குரல், தளபதிக்கு ஒரு குரல், ஹெலிகொப்டருக்கும் ஒரு குரல். மழை விட்டபோது எவரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். ஜூலை நடுவில் பதினேழு.

செலீன் சில விதிகளை வகுத்தார். செபமாலையும் மன்றாட்டுகளும் முடியும்வரை கதையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. வாரத்துக்கு ஓர் அத்தியாயம். அதற்கு மேல் ஒரு வரியும் கிடையாது. இவ்விதிகளால் மிகவும் துன்பப்பட்டவர் கீழ் மாடியில் தையல் வேலை செய்யும் றோஸி. கதைக்கு விரைந்து போய்விட வேண்டுமென்று அவர் செபமாலையை ஓட்டமாக ஓட்டினார்.

"றோஸி, ஜோயல் எங்கயும் ஓடிப்போக மாட்டான். மாதாவுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லும்" என்பார் செலீன்.

"அவன் ஓடாட்டியும் அந்தத் துரோகி ஓடிடுவானே அக்கா!"

எதிர் வீட்டு அன்னபாக்கியம் யாழ்ப்பாணத்தவர், சைவர். திறந்த கதவு வழியே மூன்று வாரங்கள் கேட்டவர், நான்காம் வாரம் தம் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"பிள்ளை, ஆமி எண்ட சொல்லைக் கேட்டாலே நான் கதவைப் பூட்டிப்போடுவன். ஆனா இந்தப் பெடியன் நல்ல பெடியன். இவன்ர கதையை நான் இருந்து கேக்கலாமோ?"

"தாராளமாக் கேளுங்கோ அக்கா. செபமாலை முடிய மட்டும் பொறுக்கோணும்."

"பொறுக்கிறதென்ன, நானும் சேர்ந்து சொல்லுறன். ஆரைக் கும்பிட்டால் என்ன, அவன் தப்பினால் காணும்."

ஓகஸ்ட் இரண்டாம் வாரத்தில், பதினோராம் அத்தியாயத்தின் இறுதியில், தோளில் குண்டு பாய்ந்த ஜோயல் எதிரிகளிடம் அகப்பட்டான். மடாலயத்தின் இரும்புக் கதவு மூடியது. செலீனும் நூலை மூடினார்.

"நான் நாளைக்கு மடு மாதா கோயிலுக்குப் போறன். திருவிழா முடிஞ்சு தங்கச்சி வீட்டில நிண்டிட்டுத்தான் வருவன். இனி இருபத்தேழாந் திகதி சந்திப்பம்."

"ரெண்டு கிழமையோ? அக்கா, அவனுக்கு ரத்தம் ஓடுது!" என்று றோஸி அலறினார்.

"கட்டுப் போட்டிருக்கு. போய்ப் படுங்கோ."

செலீன் புத்தகத்தைத் துணிப்பையில் சுற்றி மடுவுக்கே கொண்டுபோய்விட்டார். வீட்டில் வைத்தால், கதவின் மறு திறப்பை வைத்திருக்கும் றோஸி படித்துவிடுவார் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த இரண்டு வாரமும் றோஸிக்குத் தையல் ஓடவில்லை. கணவரின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்குப் பெயர் கொடுக்கப் பங்குப் பணிமனைக்குப் போனவர், படிவத்தில் கணவரின் பெயரை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைக்காமல் நின்றார். அடுத்த வரி வெறுமையாக இருந்தது. இன்னாருக்காக இத்திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று பீடத்தில் வாசிக்கப்படும் பட்டியலுக்கான வரி அது. றோஸி எழுதினார்: 'எதிரிகளிடம் அகப்பட்டிருக்கும் கப்டன் ஜோயல் நலமுடன் மீண்டுவர.'

பணிமனையில் எழுத்து வேலை பார்க்கும் சிங்களப் பெண் டில்ஷானிக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வரும். பொருள் பாதிதான் விளங்கும். கப்டன் என்ற சொல்லில் விரலை வைத்து, இவர் இராணுவத்தவரா என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஹமுதாவேத, அக்கே?"

"ஒவ், ஒவ், ஹமுதாவே தமய்" என்று ஆமோதித்தார் றோஸி. அது பொய்யும் அல்ல.

மடுவிலிருந்து திரும்பி, தங்கை வீட்டில் தங்கியிருந்த செலீன் அந்த ஞாயிறு காலை வெள்ளவத்தையிலிருந்து நேராகத் தம் பங்கு ஆலயத்துக்கு வந்தார். முன்னுரையின்போது பஸ்தியன் அடிகளார் பட்டியலை வாசித்தார். மறைந்த நால்வரின் பெயர்களுக்குப் பிறகு அவருடைய குரல் சற்றுத் தாழ்ந்தது.

"எதிரிகளிடம் அகப்பட்டிருக்கும் கப்டன் ஜோயல் நலமுடன் மீண்டுவரவும் இத்திருப்பலியை ஒப்புக்கொடுப்போம்."

பலர் தலை குனிந்தார்கள். அங்கிருந்த செலீனின் அன்பியத்தார் அனைவரும் ஒரே நேரத்தில் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அதைக் கண்ட மற்றவர்களும் பார்த்தார்கள். ஜோயல் அவருடைய உறவினன் என்று எண்ணி, ஆலயம் முழுவதும் அவருக்கு இரங்கியது.

திருப்பலி முடிந்து வாசலுக்கு வந்ததும் ஒரு மூதாட்டி செலீனின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். பக்கத்துத் தெருவில் வசிக்கும் எமிலியம்மா. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்.

"எத்தினை வருசம் மகள்? என்ட மகன் காணாமற் போய்ப் பதினேழு வருசம். நீ மனசை விட்டிடாத. நான் ரெண்டு பேருக்கும் சேர்த்து மன்றாடினனான்."

ஏதேனும் ஒன்றைச் சொல்லி நழுவிவிடுவது அந்த நேரத்தில் செலீனுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் நழுவவில்லை. எமிலியம்மாவை மாதா சிலை வைத்த கெபிக் குகைக்கு அருகிலிருந்த வாங்கில் அமர்த்தி, நாவலையும் புதன்கிழமைகளையும் பற்றி ஒளிக்காமல் சொன்னார். "என்னை மன்னியுங்கோ அம்மா" என்று முடித்தார்.

எமிலியம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று செலீன் பதறிக் குனிந்தபோதுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"புத்தகத்தில இருக்கிற பெடியனுக்கோ நான் அந்தப் பாடு பட்டு மன்றாடினனான்! சரி, சொல்லு. அவனெண்டாலும் வீட்டுக்கு வருவானோ?"

மூன்று முறை படித்த அந்த முடிவைச் செலீன் அதுவரை எவரிடமும் சொன்னதில்லை. சுற்றும் பார்த்துவிட்டு, எமிலியம்மாவின் காதருகே குனிந்து சொன்னார்.

"வந்திட்டானோ! அப்ப என்ட செபம் வீண் போகேல்ல" என்று எமிலியம்மா கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அங்கிருந்து செலீன், றோஸியின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் போனார். நடந்ததைக் கேட்டு முடித்தபோது அடிகளாரின் முகம் சிவந்துவிட்டது.

"காணாமற் போன பிள்ளையளின்ர தாய்மார் இருக்கிற கோயில் இது. பீடத்தில நிண்டு ஒரு கதைப் புத்தகத்து ஆளின்ர பேரை வாசிச்சிருக்கிறன்!"

"பாதர், நான்தான்... அவனுக்கு ரத்தம் ஓடினபடியா..." என்று றோஸி இழுத்தார்.

"ஆருக்கு ரத்தம்? நடந்தது அன்பியமோ, நாடகக் கொட்டகையோ? செப்டெம்பர் வரைக்கும் என்னத்துக்கு? புதன்கிழமை நானே வந்து பார்க்கிறன். அண்டைக்கே முடிவு."

புதன்கிழமை வந்தது. செலீன் முன் அறையைக் கூட்டி, மாதாவின் படத்துக்கு மல்லிகை மாலை போட்டார். கதையை நிறுத்திவிட்டால் அடிகளார் மனம் இரங்கக்கூடும். ஆனால் ஆட்கள் மீண்டும் ஐந்தாகச் சுருங்குவார்கள். கதையைச் சொன்னாலோ அன்றே இணைப்புதான். இரண்டில் எதுவானாலும் இந்த அறை வெறுமையாகிவிடும் என்றே அவருக்குத் தோன்றியது. எனவே எதையும் மறைக்காமல், வழக்கம் போலவே நடத்துவது என்று முடிவு செய்தார்.

இருபத்து மூன்று பேர் வந்தார்கள். எமிலியம்மா ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, பிரதான வீதியைக் கடந்து வந்திருந்தார். பஸ்தியன் அடிகளார் கதவோரத்து நாற்காலியில் அமர்ந்தார். அன்று றோஸி செபமாலையை அவ்வளவு மெதுவாகச் சொன்னார். பத்து மணிகள் விரலில் உருள்வதற்குள் இருவர் கொட்டாவி விட்டார்கள். மன்றாட்டு நேரத்தில் செலீன் ஒரு தாளை விரித்தார். அந்த மூன்று நாட்களாக அவரும் றோஸியும் வீடு வீடாகப் போய்க் கேட்டெழுதிய பெயர்கள் அவை: நோயாளர், கப்பலில் வேலைக்குப் போனவர், காணாமற் போய்த் தேடப்படுவோர். முதற் பெயர் எமிலியம்மாவின் மகனுடையது. அனைவரும் ஒருமித்து மன்றாடினார்கள்.

எல்லாம் முடிந்ததும் அடிகளார் கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்கோ செலீன். கதை இல்லாட்டி இவ்வளவு பேரும் வருவினமோ?"

"வரமாட்டினம் பாதர்" என்றார் செலீன்.

அடிகளார் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. அன்னபாக்கியம் இடையில் புகுந்தார்.

"நான் முதலே வரமாட்டன் சுவாமி. சும்மா ஏன் பொய் சொல்லுவான்? ஆனா இப்ப எனக்கு 'அருள் நிறைந்த மரியே' முழுக்கப் பாடம். உங்கட ஆக்கள் சிலபேருக்கு நடுவில மறந்துபோகுது. நான்தான் எடுத்துக் குடுக்கிறனான்."

அறை குலுங்கியது. அடிகளாரும் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை எடுத்தார்.

"சரி, சரி. அந்தக் கதையையும் ஒருக்காச் சொல்லுங்கோ பார்ப்பம்."

செலீன் பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்கினார். இருண்ட அறையில் கிடக்கும் ஜோயல், சுவருக்கு அப்பால் ஒரு குரலைக் கேட்கிறான். அது அவனுடைய ஆறு பேரில் ஒருவனின் குரல்; எதிரியுடன் அவன் பேரம் பேசுகிறான். செலீன் குரலைத் தாழ்த்தத் தாழ்த்த இருபத்து மூன்று தலைகள் முன்னே நீண்டன. இருபத்து நான்காவது, கதவோரத்தில் நீண்டது. அப்போது அடிகளாரின் தொலைபேசி அதிர்ந்தது. நோயாளி ஒருவருக்கு எண்ணெய் பூசிச் செபிக்கப் போக வேண்டும். எழுந்து போனார். காலடி இரண்டு மாடி இறங்கியது, நின்றது, மீண்டும் ஏறி வந்தது.

"அந்தக் குரல் ஆரின்ர குரல்? பேரை மட்டும் சொல்லுங்கோ, ஓடிடுவன்."

"அடுத்த புதன்கிழமை பாதர்" என்றார் செலீன்.

அடிகளார் அவரை ஒரு கணம் முறைத்துப் பார்த்தார். "அப்ப அடுத்த புதன்கிழமையும் இந்த அன்பியம் இருக்கத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

செப்டெம்பர் முடிவதற்குள் வேறொரு முறைப்பாடு பங்குப் பணிமனைக்கு வந்தது. பக்கத்துத் தெரு அன்பியத்தின் பொறுப்பாளர் மேபல், தம்முடைய ஆட்களில் பாதிப்பேர் எமிலியம்மாவின் பின்னால் வீதியைக் கடந்து போய்விட்டதாகவும், இப்போது ஆறு பேரே மிஞ்சியிருப்பதாகவும் கலங்கினார். தம் குழுவைச் செலீனின் குழுவோடு இணைத்துவிடும்படி அவரே கேட்டார். செலீன் அதற்கு உடன்படவில்லை. லொறிகளுக்கு நடுவே அந்த மூதாட்டிகள் இனியும் ஓடக் கூடாது என்றார். அதற்குப் பதிலாக, வியாழக்கிழமைகளில் மேபலின் வீட்டுக்குத் தாமே வந்து, முதல் அத்தியாயத்திலிருந்து சொல்வதாக ஒப்புக்கொண்டார். ஆக, இப்போது அவருடைய குரலுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை.

இதனால் கொட்டாஞ்சேனைச் சந்தையில் ஒரு புதிய சிக்கல் தோன்றியிருக்கிறது. புதன்கிழமையார் முப்பதாம் அத்தியாயத்தை நெருங்குகிறார்கள். வியாழக்கிழமையார் பதினோராவதில் இரும்புக் கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள். போன சனிக்கிழமை மீன் கடையில் மேபல், றோஸியை மடக்கிப் பிடித்தார்.

"றோஸி, தங்கம், ஒரே ஒரு சொல்லு. உயிரோட இருக்கிறானோ?"

றோஸி உதடுகளை இறுக்கிக்கொண்டு சீலா மீனின் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"தலையையாவது ஆட்டுமன்!"

"ஆட்ட மாட்டன். நேற்றுத்தான் செலீனக்கா என்னைக் கெபிக்கு முன்னால கூட்டிக்கொண்டுபோய்ச் சத்தியம் வாங்கினவ" என்று றோஸி மீனைப் பார்த்தபடியே சொன்னார். "நீங்க வேணுமெண்டால் செபமாலை சொல்லுங்கோ. மெதுவாச் சொல்லுங்கோ."