பேரிக்காய் மரத்தடியில் கொட்டிய உப்பு

எங்கள் வீட்டுக் கதவின் கைப்பிடியில் வாரம் விட்டு வாரம் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். அதில் 'கேர்வோகே' என்று எழுதியிருக்கும். இந்த வாரம் வாசல், படிக்கட்டு, வீட்டுக்கு முன்னாலுள்ள நடைபாதை எல்லாவற்றையும் கூட்டுகிற முறை உன்னுடையது என்று அர்த்தம். முதல் தடவை அதைப் பார்த்தபோது யாரோ எங்கள்மேல் புகார் எழுதி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, பலகையைக் கழற்றிக்கொண்டு மாடிக்குச் சண்டைக்குப் போனேன். வீட்டுக்காரம்மா ஃபிராவ் கெல்லர், எழுபது வயதுக்காரி, கதவைத் திறந்து என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போன வாரம் நான் கூட்டினேன், இந்த வாரம் நீ" என்றாள். சண்டை போட ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தேன். வீட்டின் சொந்தக்காரி ஒரு வாரம் தெரு கூட்டுகிறாள், குடியிருப்பவள் மறு வாரம் கூட்டுகிறாள். எங்கள் மரக்காணத்திலோ புதுச்சேரியிலோ இதைச் சொன்னால் நம்புவார்களா?

ஸ்டுட்கார்ட் நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். ஊர் என்றால் ஒரு மாதாகோவில், ஒரு ரொட்டிக்கடை, நாலு தெரு. சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் நாய்கூடக் குரைக்காது. நான் நகரத்து ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்ஸ். என் வீட்டுக்காரர் அந்தோணி பார்சல் குடோனில் வேலை பார்க்கிறார். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் ஆஸ்பத்திரி விடுதியில் இருந்தோம். வீடு தேடிய எட்டு மாதத்தில் நான் பட்ட அவமானத்தை இங்கே வந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. போனில் என் பேச்சைக் கேட்டதுமே "வீடு போய்விட்டது" என்றவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் கூட வேலை பார்க்கும் ஜெர்மன்காரியைப் பேசச் சொன்னால் அதே வீடு காலியாக இருக்கும். எனவே இந்த நாட்டை நான் சொர்க்கம் என்று சொல்லப்போவதில்லை.

ஆனால் ஃபிராவ் கெல்லர் கேட்டது வேறு. சம்பளச் சீட்டைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "கூட்டத் தெரியுமா? பனி பெய்தால் தள்ளுவாயா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கறுப்புத் தோலைப் பார்த்தால் இவர்களுக்குத் துடைப்பம்தான் ஞாபகம் வருமா என்று கேட்க வாயெடுத்தேன். அந்தோணி என் காலை மிதித்தார். எனக்கு முன்னால் அங்கே குடியிருந்தவர் பெரிய கார் கம்பெனி இன்ஜினியர் என்பதும், அவரிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டாள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவர் சரியாகக் கூட்டமாட்டார் என்று இன்றைக்கும் குறை சொல்கிறாள்.

புதுச்சேரியில் வேலை பார்த்தபோது நானும் இரண்டு தோழிகளும் வீடு தேடினோம். ஒரு வீட்டுக்காரம்மா காபி கொடுத்து, சொந்தக்காரி மாதிரி பேசினாள். எந்த ஊர் என்று கேட்டாள், மரக்காணம் என்றேன். "மரக்காணத்துல எந்தப் பக்கம்மா? ஊரா, காலனியா?" என்றாள். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "காலனிதாங்க. எங்கம்மா உப்பளத்துல கூலி வேல செய்யறாங்க. வாடகை எவ்வளவு?" என்றேன். அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், திரும்பி வந்தபோது, "தப்பா நெனச்சுக்காத கண்ணு, எங்க சம்பந்தி வீட்ல வர்றேன்னு சொல்லிட்டாங்க" என்றாள். காபி குடித்த நேரத்தில் அவளுக்கு ஒரு சம்பந்தி முளைத்துவிட்டார். அங்கே நான் யார் என்று கேட்டார்கள், இங்கே நான் என்ன செய்வேன் என்று கேட்டாள். இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். அதனால்தான் இந்த வீடு எனக்கு முக்கியம். செப்டம்பரில் குடிவந்தோம். பால் காய்ச்சினோம். ஃபிராவ் கெல்லருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தோம், சர்க்கரை அதிகம் என்றாள்.

இப்போது உப்புக்கு வருகிறேன். ஜனவரியில் பனி கொட்டியது. என் முறை. காலை ஏழு மணிக்குள் நடைபாதையில் பனியைத் தள்ளிவிட வேண்டும். உன் வாரத்தில் யாராவது வழுக்கி விழுந்தால் நீதான் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. எனக்கு அந்த வரி தேவையே இல்லை. பனிக்காலம் முழுக்க எங்கள் வார்டில் இடுப்பெலும்பு முறிந்த கிழவிகள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். ரொட்டி வாங்கப் போனவள், தபால் எடுக்கப் போனவள். அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கிற கை என்னுடையது. என் வாசலில் ஒருத்தி விழக் கூடாது என்று நினைத்தேன். பெரிய சாலையில் முனிசிபாலிட்டி லாரி உப்பு தூவிக்கொண்டு போவதைப் பார்த்திருந்தேன். சாமான் கடையில் பனிக்குப் போடும் உப்பு பத்து கிலோ மூட்டை விற்றார்கள். தூக்கிக்கொண்டு வந்தேன்.

பள்ளிக்கூட விடுமுறைகளில் அம்மாவுடன் உப்பளத்துக்குப் போய்க் கூடை சுமந்தவள் நான். உப்பைச் சிட்டிகையில் எடுத்துத் தூவ எனக்குக் கை வராது, கொட்டத்தான் வரும். காலை ஆறரைக்கு மூட்டையைப் பிரித்து நடைபாதை முழுக்கக் கொட்டினேன். பனி கரகரவென்று இளகியது. அந்த உப்புச் சேற்றையெல்லாம் ஓரமாகத் தள்ளிக் குவித்தேன். ஓரம் என்றால் ஃபிராவ் கெல்லரின் பேரிக்காய் மரத்தடி. வேலை சுத்தமாக முடிந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டுகிறார் என்று நினைத்துக் கையசைத்தேன். அவர் மாடியைக் காட்டி ஏதோ சைகை செய்தார்.

ஃபிராவ் கெல்லர் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள். குனிந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள். "உப்பு" என்றாள். மரத்தைக் காட்டினாள். "உப்பு போடத் தடை இருக்கிறது. மரம் செத்துவிடும். கல் பொடிதான் போட வேண்டும்."

"தடை என்றால் கடையில் ஏன் விற்கிறார்கள்?" என்று கத்தினேன்.

"கடையில் சாராயமும் விற்கிறார்கள்" என்றாள்.

கொட்டகையிலிருந்து தள்ளுவண்டியைக் கொண்டுவந்தாள். மரத்தடியில் குவிந்ததை இருவரும் வாரி வண்டியில் போட்டுச் சாக்கடை வாயில் கொண்டுபோய்க் கொட்டினோம். அவள் மண்வாரியைத் தள்ளித் தள்ளி மண்ணையும் சேர்த்துக் கிளறினாள். நான் அதைப் பிடுங்கித் திருப்பிப் பிடித்து, என் பக்கமாக மெல்ல இழுத்தேன். உப்பளப் பாத்தியில் உப்பு வாருவது அப்படித்தான். அடியில் இருக்கிற சேறு வாருகிற பலகையில் ஒட்டக் கூடாது, மேலே இருக்கிறது மட்டும் வர வேண்டும். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். முடிந்ததும், "வசந்தத்தில் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அந்த ஒரு வாக்கியம் என்னை மூன்று மாதம் தின்றது. நம் ஊரில் வீட்டுக்காரர் 'சித்திரையில் பார்ப்போம்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காலி பண்ணச் சொல்லப்போகிறார். மரம் துளிர்த்தால் வீடு, இல்லாவிட்டால் தெரு என்று எடுத்துக்கொண்டேன். உப்பளத்தில் ஒரு புல்லும் முளைக்காது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் கொட்டினேன். பனி மூடிக் கிடந்ததால் அதற்குக் கீழே மண் இருக்கிறது, மண்ணுக்குள் வேர் இருக்கிறது என்பதே நினைவில்லை.

அந்தோணி மரக்காணத்துக்குப் பக்கத்தில் பிரம்மதேசத்துக்காரர். நெல்லும் மல்லாட்டையும் போடுகிற நிலத்தில் வளர்ந்தவர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"உப்பளத்துக்காரியக் கட்டுனா இதான். மரம்னா என்னான்னு தெரியுமா உனக்கு? உங்க ஊர்ல இருக்கறதே வேலிக்காத்தான் முள்ளு."

"பெரிய விவசாயி. சொல்லு, இப்ப என்னா பண்றது?"

"நல்ல தண்ணிய ஊத்தி உப்பக் கீழ எறக்கணும். வேற வழி கெடையாது. அதுவும் ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல."

பனி உருகி மண் இளகிய நாட்களிலெல்லாம் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். இரவு டியூட்டி முடிந்து வந்து, மூன்று டிகிரி குளிரில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற பைத்தியக்காரியை ஊரே பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் வேலியருகே நின்று, "மரத்துக்கு ரொம்பத் தாகமா?" என்றார். "ஆமாம், உப்பு தின்றுவிட்டது" என்றேன். அன்றுதான் அவர் சிரித்து முதல்முறையாகப் பார்த்தேன். அந்த மரத்தின் காயை வாயில் வைக்க முடியாது. அவ்வளவு துவர்ப்பு. அதை நசுக்கிச் சாறெடுத்துப் புளிக்க வைத்துக் குடிக்கிறார்கள். அந்தக் கண்றாவிக்காக நான் முதுகு ஒடியத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் இரண்டு பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. மாதா படம் மாட்ட அந்தோணி ஆணியை எடுத்தபோதெல்லாம் தடுத்தேன்.

"ஆணி அடிக்காத. அப்புறம் ஓட்டைய அடைக்கச் சொல்லுவா."

"மாதா எத்தினி நாளுக்குடி பீரோ மேல படுத்துனு இருப்பாங்க?"

"வசந்தம் வர்ற வரைக்கும்."

ஏப்ரலில் மரம் பூத்தது. வீட்டுப் பக்கம் நிறைய, தெருப் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றும். ஒரு சனிக்கிழமை ஃபிராவ் கெல்லர் கதவைத் தட்டினாள். நான் மூன்று மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த ஜெர்மனை அப்படியே கொட்டினேன். வீட்டைக் காலி செய்யச் சொல்வதானால் இப்போதே சொல்லுங்கள், சட்டப்படி எத்தனை மாதம் டைம் என்று எனக்குத் தெரியும், கடைசி நேரத்தில் சம்பந்தி வருகிறார் என்று கதை விட வேண்டாம்.

அவளுக்குச் சம்பந்தி புரியவில்லை. மற்றது புரிந்தது. "வீட்டைப் பற்றி யார் பேசினார்கள்?"

"நீங்கள்தான். வசந்தத்தில் பார்ப்போம் என்று."

"மரத்தைப் பார்ப்போம் என்றேன். மரம் எப்படி இருக்கிறது என்று வசந்தத்தில்தானே தெரியும்?" என்றாள். பிறகு, "நீ கூட்டுகிறாய். நான் ஏன் உன்னை அனுப்ப வேண்டும்?" என்றாள். வந்த வேலையைப் பார்ப்போம் என்று ஏணியைப் பிடிக்கச் சொன்னாள். காய்ந்த கிளை ஒன்றை அறுத்தோம். இன்னும் உப்பு மண்ணில் இருக்கும், வாளித் தண்ணீர் போதாது, நல்ல மழை வேண்டும், இந்த வருஷம் மழையையே காணோம் என்று வானத்தைத் திட்டினாள்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியதை விளக்கிச் சொல்லாத அவள்மேலா, பயந்தே பழகிவிட்ட என்மேலா? அந்தோணி அந்த நிமிஷமே ஆணியும் சுத்தியலும் எடுத்தார். மூன்று அடி அடித்தார். மேலேயிருந்து ஃபிராவ் கெல்லர் தரையைத் தட்டினாள். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் போடக் கூடாதாம். அன்று சாப்பிட்ட சோறு எனக்கு ருசித்தது. பெட்டிகளைப் பிரித்தேன். இரண்டிலும் இருந்தது பாத்திரம்தான்.

மே மாதம் லீவில் தனியாக மரக்காணம் வந்தேன். இந்தக் கட்டுரையின் முக்கால்வாசியை அம்மா வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினேன். உப்பு நன்றாக விளைகிற மாதம் அது. வீட்டில் இரு என்று அம்மா சொல்லியும் கேட்காமல் ஒரு நாள் அவளோடு உப்பளத்துக்குப் போனேன். பாத்தியில் கால் வைத்ததும் எரிந்தது. ஐந்து வருஷம் ஷூவுக்குள் இருந்த கால். அம்மாவோடு வேலை செய்யும் அஞ்சலையக்கா கரையில் நின்று சிரித்தாள்.

"மேரிக்குக் காலு எரியுதாம்டி. ஜெர்மனிலேர்ந்து செருப்பு வரவையுங்க."

"உனக்கும் ஒரு ஜோடி வாங்கியாறேன்க்கா, வாய மூடு" என்றேன்.

மூன்று மணி வாக்கில் போனில் ஒரு படம் வந்தது. ஃபிராவ் கெல்லர் அனுப்பியது. மரத்தில் தெருப் பக்கத்து இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தது. கீழே ஒரு வரி: 'இன்னும் மழை இல்லை.' வீட்டுக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த ஊருக்கு எப்போது மழை என்று போனில் தேடிக்கொண்டு கரையிலேயே நின்றுவிட்டேன்.

"என்னாடி போனையே பாக்கற? மானத்தப் பாருடி!" என்று அம்மா கத்தினாள்.

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வாரிக் கரையில் குவித்த உப்பு அப்படியே திறந்து கிடந்தது. ஒரு மழை அடித்தால் வாரக் கணக்கான வேலை தண்ணீராகிவிடும். பாத்தி திரும்ப உப்பு வைக்கும் வரை அம்மாவுக்கும் அஞ்சலையக்காவுக்கும் கூலி இல்லை. இருவரும் பனையோலையை இழுத்து மூட ஓடினார்கள். நானும் போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஓலையைப் பிடித்து ஓடினேன்.

அப்போது ஒரு துளி, பெரிய துளி, என் முழங்கையில் விழுந்தது. ஏப்ரலிலிருந்து அந்த மரத்துக்காக நான் வேண்டிக்கொண்டிருந்த மழை. என்னை அறியாமல் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு நொடிதான். ஓலையின் மறுமுனையைப் பிடித்திருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"சிரிக்கறியாடி?" என்றாள்.