பிசாசு என்றார்கள், வலிப்பு என்றார்கள்

முதலில் வந்தது பயம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் மில் ஒன்றில், பேக்கிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பகல் பதினோரு மணி இருக்கும். அடிவயிற்றிலிருந்து ஏதோ நெஞ்சுக்கு ஏறியது. ரப்பர் கருகுவது போல ஒரு வாடை. என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தது. திரும்பினேன். யாரும் இல்லை.

அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் தரையில் உட்கார்ந்திருந்ததுதான்.

"என்னக்கா, கூப்பிடக் கூப்பிட வாய மென்னுக்கிட்டே இருந்தீங்க?" என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள். நான் எதையும் மென்றதாக நினைவில்லை.

உள்ளூர் மருத்துவர் வலிப்பு (மூளையில் மின்னோட்டம் திடீரெனத் தாறுமாறாகும் நோய்) என்று சந்தேகித்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஆனால் என் கணவர் தேவராஜ் கேட்டபோது, பின்னால் யாரோ நின்றதையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"யாரு, ஆம்பளையா பொம்பளையா?"

"தெரியலைங்க. நல்ல ஆள் இல்ல."

நான் சொன்னது பொய்யில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் எங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த ஜெபவீட்டுக்குக் கொண்டுபோனது.

அங்கிருந்த பாஸ்டரைக் கெட்டவராக இங்கே எழுத எனக்கு மனமில்லை. எனக்காக வைத்த உபவாச ஜெபத்தில் அவரும் சாப்பிடாமல் கிடந்தார். மனிதனின் துன்பத்துக்குப் பின்னால் சத்துருவான பிசாசு இருக்கிறான் என்று மனதார நம்பினார். வேதத்தில் ஒரு தகப்பன் இயேசுவிடம் கொண்டுவரும் பையனும் என்னைப் போலத்தான் தன்னை மறந்து விழுந்தான் என்றார். என்னால் மறுக்க முடியவில்லை. பின்னால் நின்றவனை உணர்ந்தவள் நான்தானே.

மாத்திரையை நிறுத்தும்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானாகத்தான் நிறுத்தினேன். விசுவாசத்தோடு ஜெபித்துவிட்டு மாத்திரையும் விழுங்கினால், ஆண்டவரை நம்பாத மாதிரி இருந்தது. இதைப் படிப்பவர்களில் யாராவது அப்படி நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

உபவாச ஜெபத்தின் கடைசி நாளில் விழுந்தேன். மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான்கு பேர் கை கால்களைப் பிடித்துக்கொண்டார்களாம். ஆண்குரலில் உறுமினேனாம். ஒரு வலிப்பு நின்று, நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வந்ததாம். தோள்மூட்டு விலகி, நாக்கு கிழிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கண்விழித்தேன். என் உடம்புக்கு நடந்ததற்கு எல்லோரும் சாட்சி, என்னைத் தவிர.

பாஸ்டர் பார்க்க வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ஐயா, எனக்கு ஏன் வந்துச்சு? நான் எதுல பிசாசுக்கு இடங்குடுத்தேன்?" என்று குழறிக் கேட்டேன்.

"தெரியல தங்கச்சி" என்றார். "நெசமாவே தெரியல."

எங்கள் அம்மா வீட்டுச் சபையின் ஐயரும் (போதகரை அங்கே அப்படித்தான் அழைப்போம்) வந்தார். சீக்காளியின் மேல் பிசாசின் பெயரை எழுதக் கூடாது, அது நோயோடு இன்னொரு பாரத்தையும் ஏற்றுவது என்றார். இருவரும் ஒரே ஆண்டவரிடம்தான் ஜெபித்தார்கள். நான் இருவருக்கும் ஆமென் சொன்னேன்.

மதுரைக்கு அனுப்பினார்கள். நரம்பியல் மருத்துவர் ஒரு பெண்மணி. வலிப்பு வந்தபோது பார்த்தவர் யார் என்று கேட்டார். தேவராஜ் தயங்கித் தன் போனை எடுத்தார்.

"வீடியோ இருக்கு மேடம். பிசாசு போயிருச்சுன்னு சபையில சாட்சி சொல்றதுக்குன்னு எடுத்தது."

மருத்துவர் மூன்று முறை பார்த்தார். "வலது கை சேலையைப் பிசையுது, பாருங்க. இடது கை விறைச்சு நிக்குது. வலப்பக்க மூளையில ஆரம்பிச்சு முழுசும் பரவுது."

"அப்ப அந்தக் குரல் மேடம்?"

"நெஞ்சும் தொண்டையும் ஒண்ணா இறுகுறப்ப காத்து வெளிய வர்ற சத்தம்."

அன்றுதான் அந்த வீடியோவில் என் முகத்தை நானும் பார்த்தேன். அதை என்னுடையது என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. ஜெபச் சத்தத்துக்கு நடுவே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. எங்கள் ஏழு வயது மகள் ஜெனி. அவளும் அங்கே இருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது.

ஸ்கேனில் ஹிப்போகாம்பஸ் (நினைவுகளைச் சேர்த்துவைக்கும் மூளைப்பகுதி) சுருங்கித் தழும்பாகியிருந்தது. சிறுவயதில் காய்ச்சலோடு வந்த நீண்ட வலிப்பு காரணமாக இருக்கலாம் என்றார்கள். பின்னால் ஆள் நிற்பதாகத் தோன்றியதும் அந்த இடத்தின் வேலைதானாம்.

எல்லோரும் நான் நிம்மதி அடைவேன் என்று நினைத்தார்கள். பிசாசு என்றால் விரட்டலாம். என் மூளையை எங்கே விரட்டுவது?

மாத்திரை பெரிய வலிப்புகளை நிறுத்தியது. சின்னவை மாதத்துக்கு ஒன்றிரண்டு வருகின்றன. மில்லில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுப்பைத் தனியாகப் பற்றவைப்பதில்லை. குளியலறைக் கதவைத் தாழிடுவதில்லை. பல நாட்கள் ஜெனி என் பக்கத்தில் வரவில்லை. ஒருநாள் தலைசீவ உட்காரவைத்தபோது திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, இப்ப நீ நீதானா?"

"ஆமாட்டி" என்றேன். அதற்குமேல் அவளுக்குக் கொடுக்க என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை.

தேவராஜ் இன்னும் சத்துருவை நம்புகிறார். மாத்திரையையும் வேளை தவறாமல் எடுத்துத் தருகிறார். நானும் இரண்டில் ஒன்றையும் தள்ளிவிடவில்லை. வாடை ஏறி, பின்னால் யாரோ நிற்கும் அந்த நொடியில், படித்துத் தெரிந்துகொண்ட எதுவும் எனக்குத் துணை நிற்பதில்லை.

போன ஞாயிறு ஆராதனையில் பாட்டு தொடங்கியது. முதல் சரணத்தைப் பாடியது தெரியும். பிறகு என் மணிக்கட்டைத் தேவராஜ் பிடித்திருந்தார். மருத்துவர் சொன்னபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன.

"ஒண்ணேகால் நிமிசம்" என்றார் மெதுவாக.

"ஜெபிச்சீங்களா, எண்ணுனீங்களா?"

"ரெண்டுந்தான்."

சபை மூன்றாவது சரணத்தில் இருந்தது. இரண்டாவதை நான் இல்லாமலே பாடி முடித்திருந்தார்கள். ஜெனி என்னருகே நெருங்கி வந்து, பாட்டுப்புத்தகத்தில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இங்கன பாடுறாங்கம்மா."

நாக்கு இன்னும் சரியாகத் திரும்பவில்லை. அவள் விரல் இருந்த வரியிலிருந்து பாடினேன்.