கூலரை மறைத்த மாலை

என் கணவர் வார நாட்களில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பந்தயக் கார். வளைவு, திருப்பம் எதுவும் கிடையாது, நேராக ஓர் ஓட்டம். தும்மி முடிப்பதற்குள் முடிந்துவிடும். அந்தத் தும்மலுக்காக என் ஞாயிறு முழுக்க வெயிலில் போகும்.

என் வேலை சூடு பார்ப்பது. காரில் இருப்பது ஆட்டோ கியர்பாக்ஸ். அதன் எண்ணெய் எவ்வளவு சூடாகிறது என்பது என் கைப்பேசியில் தெரியும். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதித்துப் புறப்பட்டால், கியர்பாக்ஸ் கொதிக்காமல் என்ன செய்யும்? எண்ணெய் கருகினால் கியர் பெட்டி அவ்வளவுதான். வரிசையில் நின்றால் அவருக்குக் கண்மண் தெரியாது, மீட்டரைப் பார்க்க மாட்டார். வீட்டில் அடுப்பைப் பார்ப்பதும் நான், இங்கேயும் நான்.

ஏற்கெனவே இரண்டு கியர்பாக்ஸைக் கருக்கியாயிற்று. மூன்றாவதை மாட்டிய அன்று, யாரும் கேட்காமலேயே கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்.

"இதுவும் போச்சுன்னா காடிய வித்துடுறேன். இனிமே ரேஸ் இல்ல."

காரை விற்றுவிடுகிறேன் என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. ஒரு ஞாயிறு மத்தியானம் காத்தாடிக்குக் கீழே காலை நீட்டித் தூங்க வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம்.

போன பந்தயத்தன்று காலையில் கிள்ளான் பூக்கடையில் சாமந்தி மாலை வாங்கி, காரின் முகப்பில் நான்தான் கட்டினேன். முதல் ஓட்டம் முடியும்வரை மாலையை அவிழ்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். லோரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினோம். டயரைச் சூடேற்றிவிட்டு அவர் வரிசையில் நின்றார். கார் நின்ற இடத்திலேயே நிற்க, சூடு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"வெயிலு அப்படி, அக்கா," என்றார் அவருடைய நண்பர்.

வெயில் இல்லை. முந்தின வாரம்தான் எண்ணெயைக் குளிர வைக்கும் கூலரை முகப்புக்கு மாற்றியிருந்தார். என் மாலை சரியாக அதன்மேல் தொங்கியது. காற்றுப் போக வழியே இல்லை.

முன்னால் இரண்டு கார்கள்தான் இருந்தன. நான் கைப்பேசியைப் பைக்குள் போட்டால் போதும். பெட்டி கருகும், கார் போகும், யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அப்படியே நின்றேன்.

அவர் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார். மீட்டரை இல்லை, என் முகத்தை. நான் தலையசைத்தால் போவார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. நேராகப் போய் மாலையைப் பிய்த்தேன்.

"ஏய், இன்னும் ஓடவே இல்ல லா. மாலைய ஏன் கழட்டுற?"

"வாய மூடிக்கிட்டு இன்ஜின அடைங்க. எண்ணெ கொதிக்குது."

காரை வரிசையிலிருந்து தள்ளி வெளியே கொண்டுவந்தோம். ஆறிய பிறகு கடைசியாக ஓடினார். தோற்றார். பெட்டி நன்றாக இருந்தது.

திரும்பும் வழியில் லோரியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ மட்டும் பாக்கலன்னா இன்னிக்கு காடி போயிருக்கும்."

"தெரியும்," என்றேன்.